வீட்டுச் சுகர் மீட்டர் காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி சுருக்கமாக இதுதான். வெறும் வயிற்றில் லேபில் ரத்தம் கொடுத்தபோது 142 வந்திருக்கிறது. அங்கேயே உட்கார்ந்து வீட்டு மீட்டரில் விரலைக் குத்திப் பார்த்தால் 161. சந்தேகப்பட்டு உடனே இன்னொரு ஸ்ட்ரிப் போட்டால் 149. இந்த மூன்றில் எது உண்மை, மீட்டர் கெட்டுவிட்டதா, வேறு வாங்க வேண்டுமா?

மீட்டர் கெட்டுப்போகவில்லை என்றுதான் சொல்வேன். குறைந்தபட்சம் இந்த மூன்று எண்களை மட்டும் வைத்துக்கொண்டு அது கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: மீட்டர் திரையில் 161 என்று பளிச்சென்று மூன்று இலக்கம் தெரிவதால் அது 160-ம் இல்லை, 162-ம் இல்லை, சரியாக 161 என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. உண்மையில் அந்த எண்ணின் பொருள் ‘ஏறக்குறைய 140-லிருந்து 190-க்குள் எங்கோ’ என்பதுதான். திரையில் அப்படிப் போட்டால் யாரும் வாங்க மாட்டார்கள், அதனால் ஒற்றை எண்ணாகப் போடுகிறார்கள்.

இது நானாகச் சொல்லும் கணக்கு இல்லை. வீட்டு மீட்டர்களுக்கான ஐஎஸ்ஓ 15197 என்ற சர்வதேசத் தரவிதி 2013-ல் திருத்தப்பட்டது. அதன்படி, உண்மையான அளவு 100-க்குக் கீழே இருந்தால் நூற்றுக்கு 95 ரீடிங்குகள் அதிலிருந்து 15 புள்ளிக்குள் கூடவோ குறையவோ இருக்கலாம். 100-ம் அதற்கு மேலும் என்றால் 15 சதவீதத்துக்குள் கூடவோ குறையவோ இருக்கலாம். (இந்தப் பதிலில் எல்லா அளவும் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில். மில்லிமோல் கணக்கில் பார்ப்பவர்கள் 18-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.) இதற்கு முந்தைய 2003 விதி இன்னும் தாராளமானது, 75-க்கு மேலே போனால் 20 சதவீதம் வரை விட்டுக்கொடுத்தது. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016-ல் தந்த வழிகாட்டுதல் சற்றுக் கறாரானது: அளவு எதுவாக இருந்தாலும் 95 சதவீத ரீடிங்குகள் 15 சதவீதத்துக்குள்ளும், 99 சதவீத ரீடிங்குகள் 20 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும். சரி, இப்போது 142-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 15 சதவீதம் என்றால் 21. அதாவது 121 முதல் 163 வரை எது வந்தாலும் மீட்டர் தரவிதிக்குள்தான் இருக்கிறது. 161-ம் உள்ளே, 149-ம் உள்ளே.

இதில் பலர் கவனிக்காத ஒன்று, அந்த மிச்ச 5 சதவீதம். இருபது ரீடிங்கில் ஒன்று எல்லைக்கு வெளியே போனாலும் விதிப்படி மீட்டர் பாஸ்தான். அந்த ஒன்று எவ்வளவு தூரம் வெளியே போகலாம் என்பதை ஐஎஸ்ஓ வேறு விதமாகக் கட்டுப்படுத்துகிறது. தவறான ரீடிங்கை நம்பி நடவடிக்கை எடுத்தால் நோயாளிக்கு எவ்வளவு ஆபத்து என்று மண்டலங்களாகப் பிரித்த ஒரு வரைபடம் இருக்கிறது, அதில் 99 சதவீத ரீடிங்குகள் ஆபத்தில்லாத முதல் இரண்டு மண்டலங்களுக்குள் விழுந்தாக வேண்டும். ஆக, எப்போதாவது ஒரு தடவை சம்பந்தமே இல்லாத எண் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். கையைக் கழுவிவிட்டு மறுபடி பார்ப்பதுதான் சரி.

இனி, நம் மூன்று எண்களுக்குள் இரண்டு தனித்தனிக் கேள்விகள் ஒளிந்திருக்கின்றன, பலரும் அவற்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். மீட்டர் உண்மைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது ஒன்று. அதே ரத்தத்தை மறுபடி மறுபடி வைத்தால் எவ்வளவு மாறாமல் காட்டுகிறது என்பது இன்னொன்று. உண்மையில் 100 இருக்கும் ரத்தத்தை ஒரு மீட்டர் 112, 113, 111, 112 என்று காட்டுகிறது என்று வையுங்கள். இது மாறாமல்தான் காட்டுகிறது, ஆனால் எப்போதும் 12 புள்ளி கூட. இன்னொன்று 92, 108, 97, 104 என்று காட்டுகிறது. சராசரி எடுத்தால் கிட்டத்தட்ட 100 வந்துவிடும், ஆனால் எந்தத் தனி ரீடிங்கையும் நம்ப முடியாது. தினமும் பார்த்துப் போக்கைக் கவனிப்பவருக்கு முதல் மீட்டர் பரவாயில்லை, ஏனென்றால் அதன் பிழை தெரிந்துவிட்டால் மனதுக்குள் கழித்துக்கொள்ளலாம். ஒரே ஒரு ரீடிங்கை வைத்து இன்சுலின் அளவை முடிவு செய்பவருக்கு இரண்டுமே தொல்லைதான். அடிக்கடி ‘பத்து நாள் சராசரி பார்த்தால் மீட்டர் பிழை எல்லாம் சரியாகிவிடும்’ என்று சொல்கிறார்கள், அது பாதி உண்மை. ஏறி இறங்கும் பிழை சராசரியில் கரைந்துவிடும். ஒரே பக்கம் சாய்ந்திருக்கும் பிழை ஆயிரம் ரீடிங் எடுத்தாலும் அப்படியே நிற்கும்.

ஏற்ற இறக்கத்துக்கு ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். இன்றைய மீட்டர்களில் ஒரே ரத்தத்தைத் திரும்பத் திரும்ப அளந்தால் வரும் சிதறல் பெரும்பாலும் 3 முதல் 5 சதவீதம். நடுவில் 4 என்று வைத்துக்கொள்வோம். ரத்தத்தில் 150 இருந்தால் அந்தச் சிதறல் 6 புள்ளி. அடுத்தடுத்து எடுத்த இரண்டு ரீடிங்குகளுக்கு நடுவே உள்ள வித்தியாசம் என்று பார்த்தால் இரண்டின் சிதறலும் சேர்ந்து சுமார் 8.5 ஆகிறது, அதன்படி நூற்றுக்கு 95 தடவை வித்தியாசம் 17-க்குள் இருக்கும். அதாவது நல்ல மீட்டர், நல்ல ஸ்ட்ரிப், சுத்தமான விரல், எல்லாம் இருந்தும் ஒரு நிமிட இடைவெளியில் 12 புள்ளி மாறுவது சாதாரணம். இதனால்தான் நேற்று 148, இன்று 141, மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷப்படுவதும், நாளைக்கு 153 வந்தால் முந்தின ராத்திரி என்ன சாப்பிட்டோம் என்று யோசித்து வருத்தப்படுவதும் தேவையே இல்லை என்கிறேன். அந்த மாற்றத்தில் உடம்பு எவ்வளவு, கருவி எவ்வளவு என்று யாராலும் பிரிக்க முடியாது. இன்னொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும்: பிடிக்காத எண் வந்தால் இன்னொரு ஸ்ட்ரிப் போட்டு, குறைவாக வந்ததை மட்டும் நோட்டில் எழுதுவது. மருத்துவர் அந்த நோட்டை வைத்துத்தான் மருந்தை முடிவு செய்கிறார். இரண்டு எடுத்தால் இரண்டையும் எழுதுங்கள்.

சரி, லேப் எண்தான் உண்மை என்று எப்படி எடுத்துக்கொண்டோம்? லேப் கருவி வீட்டு மீட்டரைவிட எவ்வளவோ மேல், அதில் சந்தேகமில்லை. ஆனால் கருவிக்குள் போவதற்கு முன்னால் ரத்தத்துக்கு என்ன ஆயிற்று என்பதும் முக்கியம். குழாயில் எடுத்த ரத்தத்தில் அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, அவை குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். அணுக்களைப் பிரிக்காமல் அறை வெப்பத்தில் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறைந்துவிடும். ஃபுளோரைடு போட்ட குழாய் இதைத் தடுக்கத்தான், ஆனால் அதுவும் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முழுதாகத் தடுப்பதில்லை. காலையில் எடுத்த ரத்தம் வேறொரு இடத்துக்குப் போய் மதியம் அளக்கப்பட்டால், 150-ஆக இருந்தது 142-ஆக அச்சாகி வருவது நடக்கக்கூடிய ஒன்றுதான். அப்படி நடந்திருந்தால் இங்கே 149 காட்டிய மீட்டர்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது!

அடுத்தது, இரண்டும் ஒரே ரத்தம் இல்லை. லேபில் எடுப்பது கை மடிப்பில் உள்ள சிரை ரத்தம், அதாவது திசுக்கள் குளுக்கோஸை எடுத்துக்கொண்ட பிறகு திரும்பி வரும் ரத்தம். விரல் நுனியில் வருவது தமனி ரத்தத்துக்கு நெருக்கமானது. வெறும் வயிற்றில் இரண்டுக்கும் சில புள்ளிகள்தான் வித்தியாசம். சாப்பிட்ட ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் பார்த்தால் விரல் ரத்தத்தில் 20, 25 சதவீதம் வரைகூட அதிகமாக இருக்கலாம், அது மீட்டரின் குற்றமே இல்லை. ஆகவே மீட்டரை லேபோடு ஒப்பிட வேண்டுமென்றால் வெறும் வயிற்றில், லேப் ரத்தம் எடுத்த ஐந்து நிமிடத்துக்குள், கழுவித் துடைத்த விரலில், தனியாகக் குத்தி எடுத்த சொட்டில் பாருங்கள். அதுவும் ஒரு தடவை பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். மூன்று நான்கு லேப் பரிசோதனைகளில் தொடர்ந்து ஒரே பக்கமாக 15 சதவீதத்துக்கு மேல் விலகினால் மட்டும் மீட்டரையோ ஸ்ட்ரிப்பையோ சந்தேகப்படலாம். முழு ரத்தம், பிளாஸ்மா என்ற குழப்பமும் பழைய ஆட்கள் மனதில் இருக்கும்: முழு ரத்தத்தில் அளந்தால் பிளாஸ்மாவைவிடச் சுமார் 11 சதவீதம் குறைவாக வரும். இன்று விற்கும் மீட்டர்கள் அதைக் கணக்கிட்டு பிளாஸ்மா அளவாகவே காட்டுகின்றன, அதனால் நீங்களாக எதையும் கூட்டவோ பெருக்கவோ வேண்டாம்.

இப்போது விரலுக்கு வருவோம், என் கணிப்பில் வீட்டில் நடக்கும் பெரிய பிழைகளில் பாதிக்கு மேல் இங்கேதான் பிறக்கின்றன. ஸ்ட்ரிப் உறிஞ்சும் ரத்தம் ஒரு மைக்ரோலிட்டர்கூட இருக்காது, பல மீட்டர்களுக்கு அரை மைக்ரோலிட்டர் போதும். 100 அளவுள்ள ரத்தத்தில் அரை மைக்ரோலிட்டருக்குள் இருக்கும் குளுக்கோஸ் எவ்வளவு என்று கணக்குப் போட்டால் அரை மைக்ரோகிராம் வருகிறது. ஒரு கிராமை இருபது லட்சம் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. விரல் நுனியில் கண்ணுக்கே தெரியாமல் அவ்வளவு குளுக்கோஸ் ஒட்டியிருந்து சொட்டோடு ஸ்ட்ரிப்புக்குள் போனாலே 100 என்பது 200 ஆகிவிடும். பழத்தை உரித்த கையோடு அளந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. சர்க்கரை நோயே இல்லாதவர்களுக்குக்கூட ரீடிங் எக்கச்சக்கமாக ஏறியது, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்த பிறகும் இறங்கவில்லை, குழாய்த் தண்ணீரில் கழுவிய பிறகுதான் சரியான எண் வந்தது. சர்க்கரை தண்ணீரில் கரையும், ஸ்பிரிட்டில் அவ்வளவாகக் கரையாது, அதனால் பஞ்சு அதை இடம் மாற்றித் தேய்க்க மட்டும்தான் செய்கிறது. ஆகவே சோப்பு, தண்ணீர், அப்புறம் நன்றாக ஈரம் போகத் துடைப்பது. ஈரம் இருந்தால் ரத்தம் நீர்த்துப்போய் எண் குறையும். கழுவ வழியே இல்லையென்றால் முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டைப் பயன்படுத்தலாம், கழுவியிருந்தால் முதல் சொட்டே போதும். விரலை அழுத்திப் பிழியாதீர்கள், திசுநீர் கலந்துவிடும். ரத்தம் வரவில்லை என்றால் கையைக் கீழே தொங்கவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, விரலின் பக்கவாட்டில் குத்துங்கள்.

ஸ்ட்ரிப் ஒரு வெறும் பிளாஸ்டிக் துண்டு இல்லை, அதன் மேல் நொதி பூசியிருக்கிறது. நொதி குளுக்கோஸோடு வினைபுரிந்து எலெக்ட்ரான்களை விடுவிக்கிறது, அந்த மின்னோட்டத்தை அளந்துதான் மீட்டர் எண்ணாக மாற்றுகிறது. ஈரப்பதமும் வெப்பமும் அந்த நொதிக்கு எதிரி. டப்பா மூடியை இறுக்கி மூடாமல் வைப்பது, குளியலறையில் வைப்பது, வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விட்டுவிட்டுப் போவது, ஸ்ட்ரிப்புகளைச் சின்னப் பொட்டலமாக மாற்றிப் பர்சில் எடுத்துப்போவது, இவை எல்லாமே ரீடிங்கைக் கெடுக்கும். டப்பாவின் உள்சுவரே ஈரம் உறிஞ்சும் பொருளால் ஆனது, அதனால் வேறு டப்பாவுக்கு மாற்றவே கூடாது. காலாவதித் தேதியைத் தவிர, திறந்த பிறகு எத்தனை மாதம் என்று சில டப்பாக்களில் தனியாகப் போட்டிருப்பார்கள், அதையும் பாருங்கள். கன்ட்ரோல் சொல்யூஷன் என்று ஒரு திரவம் கிடைக்கும், குளுக்கோஸ் அளவு முன்னமே தெரிந்த திரவம். புது டப்பா திறக்கும்போதோ மீட்டர் கீழே விழுந்தாலோ அதை வைத்துச் சோதிக்கலாம். ஆனால் அது ஏற்கும் எல்லை அகலமானது. கெட்டுப்போன ஸ்ட்ரிப்பைக் காட்டிக்கொடுக்கும், சின்னச் சாய்வைக் காட்டிக்கொடுக்காது.

ரத்தமே மீட்டரை ஏமாற்றும் சந்தர்ப்பங்களும் உண்டு. முக்கியமானது ஹெமாடோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு. ரத்தசோகையால் அது குறைந்தால் மீட்டர் அதிகமாகக் காட்டும், சிவப்பணு மிகுந்திருந்தால் குறைவாகக் காட்டும். புதிய மீட்டர்கள் பலவும் இதை அளந்து திருத்திக்கொள்கின்றன, எந்த எல்லை வரை என்பது ஸ்ட்ரிப்போடு வரும் தாளில் இருக்கும். கடுமையான ரத்தசோகை உள்ளவர்களுக்கு ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும்) பரிசோதனையும் தடுமாறும் என்பதால், அவர்கள் ரத்தசோகை இருப்பதை மருத்துவரிடம் சொல்லிவைத்துவிட்டுத்தான் எண்களைப் பேச வேண்டும். குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற நொதியுள்ள ஸ்ட்ரிப்புகளை ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவு பாதிக்கும், மிக உயரமான மலைப்பகுதிகளிலும் ஆக்ஸிஜன் வைத்திருக்கும் நோயாளிகளிடமும் இது தெரியவரும். ஊசி வழியாக அதிக அளவு வைட்டமின் சி ஏற்றினால் பல மீட்டர்கள் பொய்யாக உயர்த்திக் காட்டும். நீரிழப்பில் சோர்ந்து கிடப்பவர், ரத்த அழுத்தம் விழுந்தவர், இவர்களுடைய விரல் நுனிக்கு ரத்தம் சரியாக வந்து சேராது, அந்த எண்ணை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது.

இதில் மிக மோசமான வரலாறு ஒன்று உண்டு. பிக்யூக்யூ என்ற துணைப்பொருளோடு குளுக்கோஸ் டீஹைட்ரஜனேஸ் நொதி வைத்த ஸ்ட்ரிப்புகளுக்கு மால்டோஸ் என்ற இன்னொரு வகைச் சர்க்கரையையும் குளுக்கோஸையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. வயிற்று வழி டயாலிசிஸில் ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற திரவம் பயன்படுத்துபவர்கள் ரத்தத்தில் மால்டோஸ் உருவாகும். மீட்டர் அதையும் சேர்த்து எண்ணி உயர்ந்த எண்ணைக் காட்ட, அதை நம்பி இன்சுலின் போட, உண்மையில் சர்க்கரை தாழ்ந்து போய் உயிர் போயிருக்கிறது. 2009-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதுபற்றி எச்சரித்தபோது 13 மரணங்கள் பதிவாகியிருந்தன. உங்கள் வீட்டில் யாருக்காவது அந்த வகை டயாலிசிஸ் நடந்தால், ஸ்ட்ரிப் தாளில் மால்டோஸ் பற்றி என்ன போட்டிருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

எந்த மீட்டர் வாங்குவது என்று கேட்கிறார்கள். அங்கீகாரம் பெற்ற மீட்டர் எல்லாமே ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் டயாபடிஸ் டெக்னாலஜி சொசைட்டி சந்தையில் விற்பனையில் இருந்த 18 மீட்டர்களை வாங்கி, ஒவ்வொன்றையும் மூன்று தனித்தனிச் சோதனைகளில் ஓட்டிப் பார்த்தது. மூன்றிலும் தேறியவை 6 மட்டுமே. முடிவுகள் 2018-ல் வெளிவந்தன. அங்கீகாரத்துக்காகத் தயாரிப்பாளர் தரும் ஸ்ட்ரிப்பும் பல வருடம் கழித்துக் கடையில் கிடைக்கும் ஸ்ட்ரிப்பும் ஒன்றுபோல் இருப்பதை யாராவது தொடர்ந்து கண்காணிக்க வேண்டும், அந்த இடத்தில்தான் ஓட்டை இருக்கிறது என்பது என் கருத்து. வாங்கும்போது பெட்டியில் ஐஎஸ்ஓ 15197:2013 என்று இருக்கிறதா என்று பாருங்கள், சுதந்திரமான சோதனையில் தேறியதா என்று தேடுங்கள், அந்த மீட்டருக்கான ஸ்ட்ரிப் தொடர்ந்து கிடைக்குமா என்றும் பாருங்கள். புளூடூத், வண்ணத்திரை எல்லாம் துல்லியத்தைக் கூட்டாது. ஒன்றை வாங்கினால் அதிலேயே இருங்கள். இரண்டு மீட்டர் வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தால் போக்கும் தெரியாது, நிம்மதியும் இருக்காது.

இவ்வளவு பிழை உள்ள கருவி எதற்குப் பயன்படும் என்றால், நிறையவே பயன்படும். 110-க்கும் 220-க்கும் உள்ள வித்தியாசத்தை அது தவறவிடாது. எந்த வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறுகிறது, அதிகாலையில் ஏறுகிறதா, நடந்தால் இறங்குகிறதா என்ற போக்கை இரண்டு வார ரீடிங்குகள் தெளிவாகக் காட்டிவிடும். அதற்குச் செய்த கருவியை நோய் இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிக்கப் பயன்படுத்துவதுதான் தவறு. வெறும் வயிற்றில் 126 என்பது நோய்க்கான கோடு. உண்மையான 118-ஐ 130 என்றும் 130-ஐ 118 என்றும் காட்டிவிடக்கூடிய மீட்டரை வைத்து அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று சொல்ல முடியாது. அதற்கு லேப் பரிசோதனைதான், அதுவும் பொதுவாக இன்னொரு தடவை செய்து உறுதிப்படுத்த வேண்டும்.

பிழை உண்மையிலேயே ஆபத்தாக மாறுவது தாழ்ந்த சர்க்கரையில்தான். உண்மையில் 60 இருக்கும்போது மீட்டர் 75 காட்டினாலும் ஐஎஸ்ஓ விதிக்குள்தான் இருக்கிறது, ஆனால் 70-க்குக் கீழே போனால்தான் லோ சுகர் என்று படித்து வைத்திருப்பவர் 75-ஐப் பார்த்துவிட்டு சும்மா உட்கார்ந்துவிடுவார். கை நடுங்கி, வியர்த்து, தலை கிறுகிறுத்தால், குறிப்பாக இன்சுலினோ சல்போனைல்யூரியா வகை (இன்சுலின் சுரப்பைத் தூண்டும்) மாத்திரையோ எடுப்பவர் என்றால், உடம்பு சொல்வதை முதலில் கேளுங்கள். 15 கிராம் குளுக்கோஸ் சாப்பிட்டுவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். தோலில் ஒட்டும் தொடர் கண்காணிப்பு சென்சார் வைத்திருப்பவர்களும் இந்த நேரத்தில் விரலைக் குத்தியே பார்க்க வேண்டும், ஏனென்றால் அது திசுநீரை அளக்கிறது, சர்க்கரை வேகமாக இறங்கும்போதும் ஏறும்போதும் ரத்தத்துக்குப் பல நிமிடம் பின்தங்கி வரும். அந்த இரண்டாவது பரிசோதனைக்கு முன்னால் மறக்காமல் கையைக் கழுவுங்கள்: சற்று முன்புதான் அதே விரல்களால் குளுக்கோஸைத் தொட்டிருக்கிறீர்கள், கழுவாமல் குத்தினால் மீட்டர் 160 என்று காட்டும், சரியாகிவிட்டது என்று நினைத்துப் படுத்துவிடுவீர்கள், ரத்தத்தில் அப்போதும் 60-தான் இருக்கும்.